மூத்தவர்கள் 65 வரை பறந்தால் என் கப்டன் பதவி என்னாகும்?

வலிகாமத்தைச் சேர்ந்த 37 வயது வாசகர் ஒருவர் ஐந்து பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காண முடியாதபடி ஊர், திகதி, எண்ணிக்கை சிலவற்றை மாற்றித்தான் இங்கே தருகிறேன்.

அவர் ஒரு தனியார் விமான நிறுவனத்தில் பத்து வருடமாகத் துணை விமானி. விமானிப் படிப்புக்காக அப்பா நீர்வேலியில் இருந்த ஆறு பரப்புத் தோட்டக் காணியை விற்றார். குடியிருக்கும் வீடு வங்கியில் ஈட்டில் இருக்கிறது. மனைவி ஆசிரியை, இரண்டு பிள்ளைகள். கட்டுநாயக்கவில் வேலை முடிந்து ஓய்வு நாள் கிடைத்தால் இரவு பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து போகிறார்.

நிறுவனத்தின் ஒப்பந்தப்படி விமானிகளின் ஓய்வு வயது 60. சென்ற மாதம் ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. விரும்பும் கப்டன்களை, மருத்துவத் தகுதி இருந்தால், வருடாந்த ஒப்பந்தத்தில் 65 வரை வைத்திருக்க நிறுவனம் யோசிக்கிறதாம். ஆட்சேபனை இருந்தால் அடுத்த மாத முடிவுக்குள் எழுத்தில் தரவேண்டும். சீனியோரிட்டி லிஸ்டில், அதாவது சேவை மூப்புப் பட்டியலில், இவருடைய இலக்கம் 41. இவருக்கு மேலே 29 கப்டன்கள், 11 துணை விமானிகள். அடுத்த ஐந்து வருடத்தில் 12 கப்டன்கள் 60 ஐத் தொடுகிறார்கள். பதினோரு பேர் ஏறியதும் பன்னிரண்டாவது இடம் தனக்கு என்று 42 வயதில் கப்டன் ஆகும் கணக்கை இவர் போட்டு வைத்திருந்தார். இப்போது அது 47 ஆகிவிட்டது.

அவர் கேட்பவை: சமத்துவ உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் போகலாமா? ஐந்து வருடக் கப்டன் சம்பளத்தை நட்டஈடாகக் கேட்கலாமா? வளைகுடாவில் துணை விமானி வேலை ஒன்று வந்திருக்கிறது, போனால் இங்குள்ள பத்து வருடம் அங்கே சேருமா? விலகினால் பணிக்கொடையும் சேமலாப நிதியும் உடனே கைக்கு வருமா?

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தோடு வந்த லிஸ்டின் பிரதியைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 41 ஐச் சுற்றிச் சிவப்புப் பேனையால் ஒரு வட்டம். மேலே உள்ள ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் பென்சிலால் பிறந்த வருடம். சில இடங்களில் அழித்து அழித்து எழுதித் தாள் மெலிந்து போயிருக்கிறது. மூன்றாம் இலக்கப் பெயரின் கீழ் மட்டும் இரண்டு கோடுகள். உங்களுக்கு முதல்முதல் தரையிறக்கக் கற்றுத்தந்த சேர் அவர்தான் என்று கடிதத்தின் நாலாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அவருடைய பெயருக்கு எதிராக மனு எழுதப்போகிறேனே என்று உங்கள் மனம் படும் பாடு அந்த இரண்டு கோட்டிலும் தெரிகிறது.

1995 இடப்பெயர்வில் ஏழு வயதுப் பிள்ளையாகக் கைதடிப் பாலம் கடந்ததையும், அதற்கு முன் விமானச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடியதையும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து விமானி ஆனது சின்ன விஷயம் இல்லை. ஒரு நாள் பலாலியில் கப்டனாக இறங்கவேண்டும், அம்மா வாசலில் நின்று பார்க்கவேண்டும் என்ற ஆசை எனக்கு நன்றாக விளங்குகிறது. அதனால்தான் சில விஷயங்களை ஒளிக்காமல் சொல்கிறேன். நீங்கள் சண்டைக்குத் தெரிந்தெடுத்திருக்கும் இடம் பிழை. ஆனால் சண்டைபிடிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. சுற்றறிக்கையிலேயே இருக்கிறது.

60 தரை, 65 கூரை

முதலில் வயதுச் சட்டம். நீங்கள் இரண்டு வேறு சட்டங்களை ஒன்றாகக் குழப்பியிருக்கிறீர்கள். இந்தக் குழப்பம் உங்கள் நிறுவனத்தின் பல பேருக்கும் இருக்கும்.

2021 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறை ஊழியரின் ஆகக்குறைந்த ஓய்வு வயதைப் பற்றியது. உங்கள் வயதுக்காரருக்கு அது 60. வயது போய்விட்டது என்ற ஒரே காரணத்துக்காக அதற்கு முன் உங்களை வீட்டுக்கு அனுப்ப முடியாது. இது தரை. அதற்குக் கீழே ஒப்பந்தம் இறங்கக்கூடாது.

65 என்பது விமானப் பறப்புச் சட்டத்தில் இருந்து வருவது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, அதாவது ஐ.சி.ஏ.ஓ., சிக்காகோ உடன்படிக்கையின் முதலாம் இணைப்பில் விமானிகளுக்கு ஒரு மேல் எல்லை வைத்திருக்கிறது. இரண்டு விமானிகள் சேர்ந்து ஓட்டும் சர்வதேச வணிகப் பறப்பில் அது 65. தனி ஒரு விமானி ஓட்டுவதென்றால் 60. இது கூரை. அதற்கு மேலே போக முடியாது என்பதுதான் அதன் பொருள். 65 வரை வேலை தந்தே ஆகவேண்டும் என்று அது எந்த நிறுவனத்துக்கும் சொல்லவில்லை.

தரைக்கும் கூரைக்கும் நடுவே உள்ள ஐந்து வருடத்தைத் தீர்மானிப்பது ஒப்பந்தம். உங்கள் நிறுவனம் இவ்வளவு காலமும் தரையிலேயே நின்றது, இப்போது கூரை வரை ஏறப் பார்க்கிறது. இரண்டும் சட்டத்துக்குள் அடங்கியவைதான்.

கடிதத்தில் இன்னும் இரண்டு தகவல் பிழையாக இருக்கிறது. 60 கடந்த இரண்டு பேர் ஒன்றாகப் பறக்க முடியாது, ஆகவே மூத்த கப்டனோடு இளையவர் கட்டாயம் தேவை என்று எழுதியிருக்கிறீர்கள். 2006 நவம்பரில் எல்லை 60 இலிருந்து 65 ஆனபோது அப்படி ஒரு நிபந்தனை இருந்தது உண்மை. ஒருவர் 60 கடந்தவர் என்றால் மற்றவர் அதற்குக் கீழே இருக்கவேண்டும். 2014 நவம்பரில் ஐ.சி.ஏ.ஓ. அதை எடுத்துவிட்டது. அதை நம்பி வாதம் கட்டாதீர்கள்.

மற்றது, உலகம் எல்லாம் 67 வந்துவிட்டது என்கிறீர்கள். வரவில்லை. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 2023 இல் 67 க்குச் சம்மதித்தது. ஆனால் 2024 மேயில் கைச்சாத்தான சட்டத்தில் அது இல்லை, அங்கே 65 தான் நிற்கிறது. விமான நிறுவனங்களின் சங்கமான அயாட்டா 2025 இல் மொன்றியலில் நடந்த ஐ.சி.ஏ.ஓ. பொதுச்சபைக்கு 67 என்ற யோசனையைக் கொண்டுபோனது, அதுவும் ஏற்கப்படவில்லை. உள்நாட்டுப் பறப்பில் ஒரு நாடு தன் விருப்பத்துக்குக் கூட்டலாம். யப்பான் தன் விமானிகளை 65 க்கு மேலும் பறக்க விட்டிருக்கிறது. ஆனால் அப்படிப்பட்டவர் வேறொரு நாட்டு வானில் நுழைய அந்த நாட்டின் அனுமதி வேண்டும். கூரை இன்னும் இரண்டு வருடம் உயர்ந்தால் என்னாகும் என்ற பயத்தை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். கையில் இருக்கும் சுற்றறிக்கையே போதும்.

இலக்கம் 41 உறுதிக் காணி இல்லை

“என் சீனியோரிட்டி என் சொத்து, அதைப் பறிக்கிறார்கள்” என்று ஒரே வசனத்தை மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இந்த எண்ணத்தை மாற்றினால்தான் மற்றதெல்லாம் தெளிவாகும்.

எங்கள் ஊர்க் காணி உறுதிகளில் “கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் பாத்தியமும்” என்று எழுதியிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது சொத்து. விற்கலாம், பிள்ளைக்குக் கொடுக்கலாம், யாராவது மறித்தால் வழக்குப் போடலாம். ஆனால் அதே கிணற்றில் இன்றைக்கு யார் முதலில் இறைப்பது, நாளைக்கு யார் என்பது முறை. முன்னுக்கு நிற்பவருக்குத் தோட்டம் பெருத்து அவர் இன்னும் ஒரு மணித்தியாலம் இறைத்தால், உங்கள் முறை பிந்தும். பங்கு அழியாது. பிந்திய ஒரு மணித்தியாலத்தில் கன்று வாடும் என்பதும் உண்மை, அதை நான் சிறிதாக்கவில்லை. ஆனால் பங்கைப் பறித்தார் என்று அவர்மேல் வழக்கு வைக்க முடியாது.

உங்கள் இலக்கம் 41 ஒரு முறை. வெற்றிடம் வந்தால் யாரை முதலில் கூப்பிடவேண்டும் என்று அது சொல்கிறது. வெற்றிடம் எப்போது வரும் என்று யாருக்கும் அது வாக்குக் கொடுக்கவில்லை. உங்கள் 41 ஐத் தாண்டி 45 ஐக் கப்டனாக்கினால் அது வேறு கதை, உடனே என்னிடம் வாருங்கள்.

உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனு கொண்டுபோவது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை சமத்துவத்தைக் காக்கிறது. ஆனால் அந்த மனு அரசின் நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயலுக்கு எதிராகத்தான் போகும். தனியார் முதலாளி ஒப்பந்தத்தில் செய்யும் மாற்றத்துக்கு அந்த வாசல் திறக்காது. பாகுபாடு காட்டக்கூடாத காரணங்களாக இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் முதலியவற்றை அந்த உறுப்புரை பெயர் சொல்லி எழுதுகிறது, வயது அதில் எழுதப்படவில்லை. மனுவுக்கு ஒரு மாதக் கெடுவும் உண்டு. கொழும்பில் ஒருவர் இந்த மனுவுக்கு முற்பணம் கேட்டார் என்று எழுதியிருந்தீர்கள். கொடுக்காதீர்கள். தொழில் நியாய சபையைப் பொறுத்தவரை, வேலை முடிவுறுத்தப்பட்டால் ஆறு மாதத்துக்குள் அங்கே போகலாம். உங்களை யாரும் நிறுத்தவில்லை. பதவி உயர்வு பிந்தியதற்கு அது இடம் இல்லை.

வெளிநாட்டு வழக்குகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பெயர் பெற்றது 2011 செப்டெம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்த்த பிரிக்கே வழக்கு. லுஃப்தான்சாவின் கூட்டு உடன்படிக்கை விமானிகளை 60 இல் நிறுத்தியது. சட்டம் 65 வரை விடும்போது உடன்படிக்கை 60 இல் நிறுத்துவது வயதுப் பாகுபாடு என்று நீதிமன்றம் சொன்னது. கவனியுங்கள், அங்கே வழக்குப் போட்டவர்கள் வெளியே அனுப்பப்பட்ட மூத்தவர்கள். காத்திருந்த இளையவர்களுக்கு அந்தத் தீர்ப்பில் ஒன்றும் கிடைக்கவில்லை. நீங்கள் ஆதாரமாகத் தேடி எடுத்த வழக்கே உங்களுக்கு எதிராகத்தான் நிற்கிறது.

இன்னொன்று. “60 கடந்தவர்கள் ஆபத்து” என்ற பந்தியை ஆட்சேபனைக் கடிதத்தில் தயவுசெய்து போடவேண்டாம். 60 கடந்தால் மருத்துவச் சான்றிதழ் வருடத்துக்கு ஒரு தடவை என்பது போய், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை என்று ஆகிறது. சிமுலேட்டரில் உங்களைப் போலவே அவர்களும் பரீட்சை எழுதுகிறார்கள். அந்தப் பந்தி நிறுவனத்தை அசைக்காது. மூன்றாம் இலக்கத்துச் சேரை மட்டும் நோகடிக்கும், பிறகு அதே கொக்பிட்டில் அவருக்குப் பக்கத்தில் நீங்கள் இருக்கவேண்டும். இருபத்து மூன்று வருடம் கழித்து யாரோ ஒரு துணை விமானி உங்களைப் பற்றியும் அதையே எழுதுவார்.

ஐந்து வருடத்தின் கணக்கு

இதைத்தான் ஆறுதலாக இருந்து பார்க்கவேண்டும். பேச்சுக்காக இலகுவான தொகைகளை எடுப்போம். துணை விமானிக்கு மாதம் 6 இலட்சம், கப்டனுக்கு 10 இலட்சம். உங்கள் உண்மையான தொகையைப் போட்டு வீட்டில் மறுபடி செய்து பாருங்கள்.

பழைய கணக்கில் 37 இலிருந்து 42 வரை துணை விமானி, 42 இலிருந்து 60 வரை கப்டன். ஐந்து வருடத்துக்கு 360 இலட்சம், பதினெட்டு வருடத்துக்கு 2160 இலட்சம். மொத்தம் 2520 இலட்சம்.

புதிய கணக்கில் 47 வரை துணை விமானி, 47 இலிருந்து 65 வரை கப்டன். பத்து வருடத்துக்கு 720 இலட்சம், பதினெட்டு வருடத்துக்கு அதே 2160 இலட்சம். மொத்தம் 2880 இலட்சம்.

பார்த்தீர்களா? கப்டனாக இருக்கும் வருடங்கள் இரண்டிலும் பதினெட்டுத்தான். ஐந்து வருடக் கப்டன் சம்பளம் போகிறது என்ற உங்கள் வசனம் இங்கே நிற்காது. அந்த ஐந்து வருடமும் வாழ்க்கையின் மறுபக்கத்துக்குப் போகிறது.

அதற்காக உங்களுக்கு நட்டம் இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். உங்கள் 60 ஆவது பிறந்தநாளில் இரண்டு கணக்கையும் நிறுத்திப் பாருங்கள். பழையதில் 2520, புதியதில் 2280. அன்றைக்கு நீங்கள் 240 இலட்சம் பின்னுக்கு நிற்கிறீர்கள். அந்தக் குறை அடைபட 60 க்குப் பிறகு இரண்டு வருடம் கப்டனாகப் பறக்கவேண்டும். 62 வரை மருத்துவச் சான்றிதழ் நின்றால் சமம். 65 வரை நின்றால் இலாபம். 61 இல் இருதயத்தில் ஒரு குழப்பம், சீனி வருத்தம் கட்டுக்கு அடங்கவில்லை, ஒரு கண் தெளிவில்லை என்று சான்றிதழ் போனால், அந்த நட்டம் உங்களோடு நின்றுவிடும். அதோடு பணம் வரும் காலமும் முக்கியம். வீட்டு ஈட்டுக்கு வட்டி ஓடுவது இப்போது. பிள்ளைகள் பல்கலைக்கழகம் போவது உங்கள் நாற்பதுகளில். 64 வயதில் வரும் பத்து இலட்சத்துக்கும் 43 இல் வரும் பத்து இலட்சத்துக்கும் வீட்டில் ஒரே பெறுமதி இல்லை.

உங்கள் பென்சில் கணக்கில் ஒரு குறை உண்டு. பன்னிரண்டு பேரும் 65 வரை இருப்பார்கள் என்று வைத்திருக்கிறீர்கள். சிலர் 60 இலேயே போதும் என்று போவார்கள், சிலருக்குச் சான்றிதழ் நிற்கும், சிலர் வெளிநாடு போவார்கள். ஆகவே ஐந்து வருடம் என்பது ஆகக்கூடிய பிந்தல் என்று எடுங்கள், உண்மையில் மூன்றோ நாலோ ஆகலாம். நிறுவனம் புதிய விமானம் எடுத்தால் இன்னும் குறையும், விமானத்தைக் குறைத்தால் கூடும்.

இனி உங்கள் கண்ணில் படாமல் போன இடத்துக்கு வருகிறேன். சுற்றறிக்கை ஓய்வு வயதை 65 ஆக்கவில்லை. ஓய்வு வயது 60 இலேயே நிற்கிறது. நிறுவனம் விரும்பினால், வருடா வருடம், ஒப்பந்தத்தில் நீடிக்கும் என்றுதான் இருக்கிறது. அப்படியென்றால் நீங்கள் இழப்பது நிச்சயம், பிறகு பெறுவது நிறுவனத்தின் விருப்பம். இன்றைய மூத்தவருக்கு ஐந்து வருடம் உடனே கிடைக்கிறது, அவர் தன் இளமையில் அதற்காகக் காத்திருக்கவில்லை. நீங்கள் இப்போதே காத்திருக்கவேண்டும், 2048 இல் உங்களுக்கும் அந்த ஐந்து வருடம் தருவார்கள் என்று எங்கேயும் எழுத்தில் இல்லை. அநியாயம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. மூத்தவர்கள் பறப்பதில் இல்லை.

வயது விதி மாறும்போது கோட்டுக்கு இந்தப் பக்கம் யார், அந்தப் பக்கம் யார் என்பது எவ்வளவு கொடுமையாக விழும் என்பதற்கு அமெரிக்கா ஒரு பாடம். அங்கே 1960 இலிருந்து 60 தான் எல்லை. 2007 டிசெம்பர் 13 இல் ஜனாதிபதி புஷ் கைச்சாத்திட்டதும் அது 65 ஆனது. முதல் நாள் 60 ஆனவர் வீட்டில், மறுநாள் 60 ஆனவர் விமானத்தில். ஏற்கெனவே வெளியேறியவர் திரும்பி வர விரும்பினால் பழைய சேவை மூப்பு இல்லாமல், புதிதாகச் சேர்பவராகத்தான் வரலாம் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதினார்கள். முப்பது வருடக் கப்டன் லிஸ்டின் அடியில். எழுத்தில் இருப்பதுதான் நிற்கும் என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன்.

வளைகுடா வேலை

உங்கள் பறப்பு மணித்தியாலங்கள் உங்கள் லொக் புத்தகத்தில் இருப்பவை. அவை எங்கேயும் உங்களோடு வரும், கப்டன் தகுதிக்கு அங்கேயும் எண்ணப்படும். சீனியோரிட்டி வராது. அது அந்த நிறுவனத்தின் லிஸ்டுக்குள் மட்டும் உயிரோடு இருப்பது. பத்து வருடம் இங்கே 41 வரை ஏறியவர் அங்கே போய் கடைசி இலக்கத்தில் இருந்து தொடங்குவார். லீவு, பறக்கும் விமான வகை, ரோஸ்டர் விருப்பம், ஆட்குறைப்பு வந்தால் யார் முதலில் போவது என்பதை எல்லாம் பல இடங்களில் அந்த இலக்கம்தான் தீர்மானிக்கிறது. சம்பளம் கூட என்பதைப் பார்த்தீர்கள், அங்கே கப்டன் ஆக எத்தனை வருடம் என்று கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை.

விலகுவதென்றால் பணிக்கொடை உண்டு. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி ஐந்து வருடம் முடித்த எவருக்கும், தானாக விலகினாலும், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், முப்பது நாளுக்குள் தரவேண்டும். ஆனால் எதில் அரை மாதம்? அடிப்படைச் சம்பளமும் வாழ்க்கைச் செலவுப் படி போன்றவையும்தான் சேரும். பறப்புப் படி, வெளியூர்த் தங்கல் படி எல்லாம் சேராது.

சில வருடத்துக்கு முன் ஓய்வுபெற்ற கப்டன் ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்து ஒரு சிட்டையை மேசையில் வைத்தார். கணக்கில் பிழை இருக்கிறது, பாருங்கள் என்றார். மாதம் கைக்கு வந்த தொகையில் பாதியை இருபத்தெட்டால் பெருக்கி வைத்துக்கொண்டு மகளின் கலியாணத்துக்கு மண்டபமும் பேசியிருந்தார். சிட்டையில் இருந்தது அதில் மூன்றில் ஒன்றும் இல்லை. இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். பிழை இல்லை. அவருடைய வருமானத்தில் பெரும்பகுதி பறப்புப் படி. அதை அவருக்குச் சொன்ன நிமிடம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. உங்கள் சம்பளச் சிட்டையை இன்றைக்கே எடுத்து அடிப்படை எவ்வளவு என்று பாருங்கள். அது 2 இலட்சம் என்றால் பத்து வருடத்துக்குப் பணிக்கொடை 10 இலட்சம், அதற்கு மேல் இல்லை.

சேமலாப நிதி 37 வயதில் வெளிநாட்டு வேலைக்குப் போவதால் கைக்கு வராது. ஆணுக்கு 55. நாட்டை விட்டு நிரந்தரமாகக் குடிபெயர்ந்தால் எடுக்கலாம், வேலைக்குப் போவது குடிபெயர்வு ஆகாது. பத்து வருடம் பங்களிப்பு முடித்து, கணக்கில் 3 இலட்சத்துக்குக் குறையாமல் இருந்தால், வீட்டுக்கோ மருத்துவத்துக்கோ 30 சதவீதம் எடுக்கும் வழி இருக்கிறது. வீட்டு ஈட்டைக் குறைக்க அதைத் தொழில் திணைக்களத்தில் விசாரியுங்கள்.

விமான வகைப் பயிற்சிக்காக, இத்தனை காலம் வேலை செய்வேன், இடையில் விலகினால் பணம் கட்டுவேன் என்று நிறுவனத்தோடு பிணை எழுதியிருப்பீர்கள். மிச்சம் எத்தனை மாதம், மாதம் போகப்போகத் தொகை குறைகிறதா, பிணை வைத்தவர் யார் என்று பாருங்கள். அப்பா கையெழுத்து வைத்திருந்தால் நீங்கள் துபாய் போனாலும் கடிதம் வரும் வீடு அவருடையது.

போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கோபத்தில் போகவேண்டாம். மனைவியின் விருப்பத்தைப் பற்றி ஐந்து பக்கத்திலும் ஒரு வரி இல்லை. அவருடைய பாடசாலை, பிள்ளைகள், அம்மா எல்லாம் இந்தக் கணக்கில் சேரவேண்டியவை. 42 இல் கப்டன் என்று நம்பி எடுக்க இருந்த இரண்டாவது வீட்டுக் கடனை மட்டும் எந்த முடிவு எடுத்தாலும் நிறுத்திவையுங்கள்.

ஆட்சேபனைக் கடிதத்தில் என்ன எழுதுவது

“எதிர்க்கிறேன்” என்று எழுதாமல் கேள்வியாக எழுதுங்கள். தனியே எழுதாமல், உங்களுக்கு மேலுள்ள பதினொரு பேரையும் கீழே உள்ளவர்களையும் சேருங்கள். சங்கம் இருந்தால் சங்கத்தின் பெயரில் போகட்டும். கேட்கவேண்டியவை இவை.

60 கடந்து ஒப்பந்தத்தில் இருக்கும் கப்டன் ஆளணியில், அதாவது நிறுவனம் வகுத்த கப்டன் இடங்களில், ஓர் இடத்தைப் பிடிக்கிறாரா, ஆளணிக்கு வெளியே மேலதிகமாக இருக்கிறாரா? என்னைப் பொறுத்தவரை ஆகப்பெரிய கேள்வி இதுதான். அவர் வெளியே என்றால் 60 இல் அவருடைய இடம் வெற்றிடமாகும், உங்கள் முறை பிந்தாது. நிறுவனத்துக்கு அவருடைய அனுபவமும் கிடைக்கும், பயிற்சியாளராகவும் சிமுலேட்டரிலும் அவரைப் பாவிக்கலாம். மூன்றாம் இலக்கத்துச் சேரைப் போன்ற ஒருவருக்கு அதைவிடப் பொருத்தமான வேலை இல்லை.

ஒப்பந்தத்தில் இருக்கும்போது அவருடைய லிஸ்ட் இலக்கம் அப்படியே நிற்கிறதா? நின்றால் ரோஸ்டரிலும் லீவிலும் அவர் இன்னும் உங்களுக்கு முன்னால்.

இன்றைய துணை விமானிகள் 60 ஐத் தொடும்போது அவர்களுக்கும் அதே நீடிப்பு, அதே மருத்துவ நிபந்தனையில், உரிமையாக உண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதுவார்களா? இதைக் கூட்டு உடன்படிக்கையில் எழுதிப் பதிவு செய்ய முடிந்தால் அதற்குக் கைத்தொழிற் பிணக்குச் சட்டத்தின் பலம் உண்டு, முகாமையாளர் மாறினாலும் நிற்கும்.

காத்திருக்கும் காலத்துக்கு ஏதாவது உண்டா? இத்தனை வருடம் கடந்த துணை விமானிக்குச் சம்பளத்தில் ஓர் உயர்வு, பறப்புப் படி போன்றவற்றில் இல்லாமல் அடிப்படைச் சம்பளத்தில். பணிக்கொடைக்கும் அது சேரும் என்பதால் அடிப்படையில் கேளுங்கள்.

அனுமதிப்பத்திரம் இழந்தால் வரும் காப்புறுதி உங்களுக்கு எந்த வயது வரை? இப்படியான காப்புறுதிகளில் வயது கூடக்கூடத் தொகை குறைவதும், 60 இல் முடிவதும் வழக்கம். 65 வரை பறக்கவேண்டிய வாழ்க்கை என்றால் காப்புறுதியும் 65 வரை வரவேண்டும்.

கடைசியாக ஒன்று. உங்கள் ஒப்பந்தத்தின் நாலாம் பக்கப் பிரதியில் அடிப்பகுதி வெட்டுப்பட்டிருக்கிறது. “ஓய்வுபெறும் வயது 60 ஆகும், அல்லது” என்பதோடு நிற்கிறது. அந்த “அல்லது”க்குப் பிறகு என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்க்காமல் ஆட்சேபனைக் கடிதத்தை நான் வரையமாட்டேன். அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது மூலப் பிரதியையே கொண்டு வாருங்கள். சனிக்கிழமை பின்னேரம் அலுவலகம் திறந்திருக்கும். முடிந்தால் மனைவியையும் கூட்டி வாருங்கள்.